எஞ்சி நிற்கும் சொல்

(மடவளையில் ஆங்கில ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கண்டியிலிருந்து வத்தேகமைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிற பயணி கொண்டக்டரிடம் முழு வாக்கியம் பேசுவதில்லை. காசை நீட்டி, "மடவளை ரெண்டு" என்பார். யார் போகிறார், எங்கே இறங்குகிறார், எத்தனை பேருக்கு டிக்கட் என்பதெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் இன்னும் சுருக்குவார்: "எனக்கும் ஒண்டு." அவர் ஊரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் கொண்டக்டர் தயங்காமல் மடவளைக்கே டிக்கட் கிழித்துக் கொடுக்கிறார். 'எனக்கும்' என்பதில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன 'உம்' முன்னவர் சொன்னது முழுவதையும் தூக்கி வந்துவிட்டது.

அதே பஸ்ஸில் வந்த பிள்ளை ஆங்கில வகுப்பில் உட்கார்ந்ததும் நிலைமை மாறுகிறது. "வீட்டுவேலையை முடித்தாயா?" என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். "யெஸ் சேர், ஐ பினிஷ்ட் த ஹோம்வேர்க்" என்று பிள்ளை ஒரு சொல்லும் குறையாமல் ஒப்புவிக்கிறது. பிழை எதுவும் இல்லை, ஆசிரியர் மகிழ்கிறார். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை இப்படிப் பேசாது. "யெஸ், ஐ டிட்" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடும். தமிழில் சொல்லை விடத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் விடத் தெரியவில்லை. விட முயன்றாலோ, விடக்கூடாததை விட்டுவிடுகிறது: "யெஸ் சேர், ஐ பினிஷ்ட்."

இந்த உரை எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் விடுவது விடுபாடு. விடப்பட்ட இடத்தில் சின்னச் சொல் ஒன்றை நிறுத்துவது பதிலீடு. எம். ஏ. கே. ஹலிடேயும் ருகையா ஹஸனும் சேர்ந்து எழுதி 1976இல் வெளிவந்த 'கொஹீஷன் இன் இங்லிஷ்' என்ற நூல் இவ்விரண்டையும் விரிவாக ஆராய்ந்தது. பெயர், வினை, முழு வாக்கியம் என்ற மூன்று நிலைகளிலும் ஆங்கிலம் எதை விடும், எதை விடாது என்று அது வரிசைப்படுத்திக் காட்டியது. உயர்நிலை ஆங்கிலம் கற்பவர்களுக்கான பாடநூல்களில் இன்று இந்தப் பகுதி இருப்பதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ் இலக்கணம் இந்த விடயத்தை வெகு காலத்துக்கு முன்பே தொட்டுவிட்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே எச்சவியல். சொல்லப்படாமல் எஞ்சி நின்று பொருள் தருபவற்றை அது பத்தாக எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று உம்மையெச்சம். "எனக்கும் ஒண்டு" என்ற பஸ் பயணியின் பேச்சு அதற்கு நல்ல உதாரணம். வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி என்ற ஆறு தொகைகளும் உருபோ இடையில் வரவேண்டிய சொல்லோ தொக்கு நிற்பதைப் பற்றியவைதாம். க.பொ.த. சாதாரணதரத்துக்குத் தமிழ் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இவை தெரியும். பக்கத்து வகுப்பறையில் ஆங்கிலம் படிக்கும்போது இந்த அறிவு துணைக்கு வரும் என்று மட்டும் அதற்கு யாரும் சொல்வதில்லை.

பவணந்தி முனிவரின் நன்னூல் இன்னும் ஒருபடி மேலே போய், கேள்விக்கு வரும் பதிலை எட்டு வகையாகப் பிரிக்கிறது. மடவளை வீடொன்றில் அதை அப்படியே பார்க்கலாம். "கடைக்குப் போறியா மகன்?" என்று உம்மா கேட்கிறார். "போறன்" என்றால் நேர்விடை. "போகல்ல" என்றால் மறைவிடை. "நீங்க போங்க" என்றால் ஏவல். "போகாம இருப்பனா?" என்றால் வினாவுக்கு எதிர்வினா. "கால் வலிக்குது" என்றால் உற்றது உரைத்தல். "கால் வலிக்கும்" என்றால் உறுவது கூறல். "பள்ளிக்குப் போறன்" என்றால் இனமொழி. எட்டாவது சுட்டு விடை. வழி கேட்டவருக்கு "இது" என்று காட்டுவது போன்றது. இவற்றில் நேரும் மறையும் சுட்டும் நேரடியான பதில்கள். மற்ற ஐந்திலும் உண்மையான பதில் வாயில் வருவதே இல்லை; கேட்பவர் அதை ஊகித்துக்கொள்கிறார். மகன் கடைக்குப் போவானா, மாட்டானா என்று உம்மாவுக்கு விளங்கிவிடுகிறது. விடுபாட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த மரபில் வந்த பிள்ளைக்கு ஆங்கில விடுபாடு எட்டாத பொருள் அல்ல.

பிறகு எங்கே இடறுகிறது?

"சாப்பிட்டியா?" என்று கேட்டால் தமிழர் "ஓ" என்று நிறுத்துவதைவிட "சாப்பிட்டேன்" என்று வினையைத் திருப்பிச் சொல்வதே வழக்கம். ஆங்கிலமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. ஒரே ஒரு வேறுபாடு: முழு வினையைத் திருப்பாமல் துணைவினையை மட்டும் திருப்புகிறது. 'ஹெவ் யூ ஈட்டன்?' என்றால் 'ஐ ஹெவ்'. 'கேன் யூ ஸ்விம்?' என்றால் 'ஐ கேன்'. கேள்வியின் தலையில் நின்ற சொல்லே பதிலின் வாலில் வந்து நிற்கிறது. துணைவினை இல்லாத இடத்தில் 'டூ', 'டஸ்', 'டிட்' என்ற மூன்றில் ஒன்று கூலிக்கு வந்து அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே தமிழ்ப் பிள்ளையிடம் "முழு வாக்கியமாகச் சொல்" என்பதைவிட, "உம்மாவிடம் 'சாப்பிட்டேன்' என்று எப்படி வினையைத் திருப்பிச் சொல்கிறாயோ அப்படியே சொல், வினைக்குப் பதில் கேள்வியின் முதற்சொல்லை எடு" என்பதே குறுக்குவழி.

இப்படிக் கடந்து வந்த ஒரு மக்கள்கூட்டம் உலகில் உண்டு. ஐரிஷ் மொழியில் 'ஆம்', 'இல்லை' என்பதற்குத் தனிச் சொற்கள் கிடையாது. தமிழரைப் போலவே வினையைத் திருப்பிச் சொல்வார்கள். அயர்லாந்தினர் ஆங்கிலத்துக்கு மாறியபோது அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். அதனால் 'யெஸ்' சொல்லாமலே 'ஐ டிட்', 'இட் இஸ்' என்று பதில் தருவது இன்றும் அயர்லாந்து ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது. தாய்மொழிப் பழக்கம் அங்கே தடையாகாமல் பாலமாகியிருக்கிறது.

ஸ்பானிய மொழி பேசுபவர்களின் சிக்கல் வேறு வகை. அவர்களுடைய மொழியில் 'சாப்பிட்டிருக்கிறாயா?' என்பதற்கு 'அஸ் கொமிதோ?' என்று துணைவினை வைத்தே கேட்கிறார்கள். பதிலில் அந்தத் துணைவினையைத் தனியாக நிறுத்த அவர்களுடைய இலக்கணம் இடம்கொடுக்காது. 'ஸி' என்று மட்டும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டும். எனவே 'யெஸ், ஐ ஹெவ்' அவர்கள் காதுக்கு அறுந்து தொங்கும் வாக்கியமாகப் படுகிறது. 'நானும்' என்பதற்கு அவர்கள் 'யோ தம்பியென்' என்பார்கள். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்து 'ஐ ஆல்ஸோ' என்று நிறுத்திவிடுவார்கள். மடவளைப் பிள்ளையும் 'நானும்' என்பதை 'ஐ ஆல்ஸோ' என்றே பெயர்க்கிறது. மட்ரிட்டும் மடவளையும் ஒரே கல்லில் தடுக்கி விழுகின்றன. ஆங்கிலம் இந்த இடத்தில் 'ஸோ டூ ஐ', 'ஸோ கேன் ஐ', 'ஸோ டிட் ஐ' என்று முன்னவர் வாக்கியத்தின் துணைவினையைத் தேடிப் பிடித்து எழுவாய்க்கு முன்னால் நிறுத்தும். எதிர்மறை என்றால் 'நைதர் டூ ஐ'. தமிழின் 'உம்' எந்த வினையோடும் எந்தக் காலத்தோடும் மாறாமல் ஒட்டும்; ஆங்கிலத்தின் 'ஸோ' ஒவ்வொரு தடவையும் கூட்டாளியை மாற்றும். சலிக்காமல் பழக்க வேண்டிய இடம் இது.

எதிர்மறைக் கேள்விக்கு வரலாம். ஒரு மாணவி நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "சான்றிதழ் கொண்டு வரல்லையா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்கிறார். அவள் கொண்டுவரவில்லை. தமிழில் யோசித்து, 'ஓ, கொண்டு வரல்ல' என்ற எண்ணத்தில் 'யெஸ்' என்கிறாள். தமிழில் 'ஓ' என்பது கேட்டவரின் ஊகத்தை ஏற்கும் சொல். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்பதோ நடந்தது என்று சொல்லும் சொல். அதிகாரி சான்றிதழுக்காகக் கையை நீட்டுகிறார். 'நோ, ஐ டிடின்ட்' என்று துணைவினை ஒன்றைச் சேர்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. 'யெஸ்', 'நோ' இரண்டையும் விட்டு 'ஐ டிடின்ட்' என்று மட்டும் சொன்னாலும் போதும்.

பெயர்ச்சொல் பக்கம் வந்தால், மடவளை பஸாரின் பாத்திரக் கடை ஒன்றே நல்ல வகுப்பறை. "நானா, இதில பெரிசு இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். "பெரிசு முடிஞ்சி. சின்னது தரவா?" என்கிறார் கடைக்காரர். சட்டி என்ற சொல் இருவர் வாயிலும் வரவில்லை. 'பெரிசு' (பெரிது), 'சின்னது' என்ற சொற்களின் கடைசியில் உள்ள, பேச்சில் சில இடங்களில் 'சு' என்று ஒலிக்கும் 'து'வே சட்டிக்குப் பதிலாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் 'து'வின் வேலையைப் பார்ப்பது 'வன்'. 'எ பிக் வன்', 'த ஸ்மோல் வன்'. இதை ஒன்று என்ற எண்ணாக நினைத்து விட்டுவிடும் பிள்ளை 'கிவ் மீ த ஸ்மோல்' என்று நிறுத்திவிடுகிறது. ஸ்பானியர்களுக்கும் இதே தவறு வரும். 'எல் ரோஹோ' என்றாலே அவர்களுக்குச் 'சிவப்பானது' என்று பொருள் முடிந்துவிடுகிறது. அதனால் ஆங்கிலத்திலும் 'த ரெட்' என்று நிறுத்திவிடுகிறார்கள். 'து' என்றால் 'வன்' என்று ஒருமுறை இணைத்துக் காட்டிவிட்டால் தமிழ்ப் பிள்ளை பாதிக் கிணறு தாண்டிவிடும்.

மீதிப் பாதிக்கு ஓர் எச்சரிக்கை தேவை. தமிழின் 'து' சட்டிக்கும் வரும், பாலுக்கும் வரும்: "இந்தப் பால் பழசு, புதுசு இருக்கா?" ஆங்கிலத்தின் 'வன்' எண்ணக்கூடிய பொருளுக்கு மட்டுமே வரும். பால், அரிசி, தண்ணீர், தகவல், தளபாடம் போன்றவற்றுக்கு அது வராது. அங்கே 'ஸம்' அல்லது 'எனி' நிற்கும். இல்லையென்றால் பெயரையே மறுபடி சொல்ல வேண்டும். உடைமையைச் சொல்லும்போதும் 'வன்' தேவையில்லை. 'இது யாருடைய குடை?' என்றால் 'மைன்' போதும். 'மை மதர்ஸ்' போதும். 'உம்மாட' என்று மடவளையில் சொல்வதும் இதைப் போன்றதுதான். குடை அங்கேயும் விடுபட்டுவிட்டது, இங்கேயும் விடுபட்டுவிட்டது.

ஒரு முழு வாக்கியத்துக்கு ஈடாக 'ஸோ', 'நொட்' என்ற இரண்டு சொற்கள் நிற்கும் இடம் உயர்நிலை மாணவர்களையும் தடுமாற வைக்கும். 'மழை வருமா?' என்றால் 'ஐ திங்க் ஸோ'. வராது என்று நினைத்தால் 'ஐ டோன்ட் திங்க் ஸோ'. ஆனால் வரக்கூடாது என்று விரும்பினால் 'ஐ டோன்ட் ஹோப் ஸோ' என்று சொல்லக்கூடாது. 'ஐ ஹோப் நொட்' என்றே சொல்ல வேண்டும். 'ஐ'ம் அஃப்ரெய்ட் ஸோ' என்பதைப் 'பயப்படுகிறேன்' என்று பெயர்த்துப் படிப்பவர்கள் ஏராளம். 'கடை மூடிவிட்டதா?' என்று கேட்டவருக்கு அந்தப் பதில் வந்தால், 'மூடிவிட்டது, மன்னிக்க வேண்டும்' என்பதே அதன் பொருள். பயத்துக்கு அங்கே இடமில்லை. இந்த மரியாதைக் குறிப்பை அகராதியைப் புரட்டிப் பிடிக்க முடியாது. பேச்சைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

தமிழ் தாராளமாக விடுவதும், ஆங்கிலம் விடவே விடாததுமான ஓர் இடம் இருக்கிறது. அது செயப்படுபொருள். "நானா புத்தகம் தந்தார், படிச்சேன்" என்றால் தமிழில் குறை எதுவுமில்லை. ஆங்கிலத்தில் 'ஐ ரெட்' என்று நிறுத்தினால் வாக்கியம் ஒற்றைக்காலில் நிற்கும். 'ஐ ரெட் இட்' என்று சொல்லியாக வேண்டும். ஸ்பானியர்கள் இதில் தவறுவதில்லை. அவர்கள் எழுவாயை விடுவார்களே தவிர, செயப்படுபொருளுக்கு 'லோ' என்ற குறுஞ்சொல்லை வைத்துவிடுவார்கள். எனவே ஸ்பானியர்களுக்காக எழுதப்பட்ட பயிற்சி நூல்களை அப்படியே கண்டிக்குக் கொண்டுவந்தால் 'ஐ ஆல்ஸோ', 'த ஸ்மோல்' போன்ற தவறுகளுக்கு மருந்து கிடைக்கும். இந்தச் செயப்படுபொருள் நோய்க்குக் கிடைக்காது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனிப் பயிற்சிகள் எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான காரணம் இல்லை.

இன்னொரு வேறுபாட்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "நானா கோப்பியும் தாத்தா தேத்தண்ணியும் குடிச்சாங்க" என்ற வாக்கியத்தில் வினை கடைசியில் ஒருமுறைதான் வருகிறது. ஆங்கிலத்தில் அதே வினை முதற் பகுதியில் வந்து இரண்டாம் பகுதியில் விடுபடும். வினை நடுவில் வரும் மொழிகளும் கடைசியில் வரும் மொழிகளும் இந்த விடயத்தில் வெவ்வேறு திசையில் நடக்கின்றன என்பதை மொழியியலாளர் ஜோன் ரொபர்ட் ரொஸ் 1970இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டினார்.

விடுபாடு எப்போதும் நன்மை தரும் என்றும் சொல்ல முடியாது. "உம்மா தங்கச்சியை என்னைவிட விரும்புறா" என்று ஒரு பிள்ளை சொன்னால், உம்மாவுக்கு அந்தப் பிள்ளையைவிடத் தங்கச்சிமீது விருப்பம் அதிகம் என்றும் கொள்ளலாம். தங்கச்சிமீது அந்தப் பிள்ளைக்கு உள்ள விருப்பத்தைவிட உம்மாவின் விருப்பம் அதிகம் என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'தென் மீ' என்றாலும் பேச்சில் இதே இரட்டைப் பொருள் வரும். 'தென் ஐ டூ' என்று துணைவினையை விட்டுவைத்தால் இரண்டாம் பொருள் மட்டுமே நிற்கும். ஒரு சின்ன 'டூ' ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்கிறது. காணி உறுதி, ஒப்பந்தம், மருந்துச் சீட்டு போன்றவற்றில் திரும்பத் திரும்ப முழுப்பெயரைச் சொல்வதே பாதுகாப்பு. எங்கே விடுவது, எங்கே விடாமலிருப்பது என்று தேர்ந்துகொள்ளும் திறனையே உயர்நிலை ஆங்கிலம் என்று சொல்ல வேண்டும்.

இங்கே ருகையா ஹஸனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1931இல் வட இந்தியாவின் பிரதாப்கரில் பிறந்தவர் அவர். அலகாபாத்தில் படித்தார், லாகூரில் கற்பித்தார், எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றார். உருது பேசும் வீட்டிலிருந்து வந்த பெண் ஒருவர் ஆங்கில விடுபாடு பற்றிய அடிப்படை நூலின் இணையாசிரியராக இருந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. உருது பேசுபவர்கள் ஆங்கிலம் பேசுபவர்களைவிடப் பலவற்றைச் சொல்லாமல் விட்டுக் கேட்பவரின் ஊகத்துக்கு ஒப்படைக்கிறார்கள் என்று அவர் 1984இல் வெளியான ஒரு கட்டுரையில் விளக்கினார். யாருக்கு யார் என்ன உறவு, யாருடைய வேலை எது என்பது எல்லாருக்கும் தெரிந்த சமூகத்தில் அதிகம் சொல்லத் தேவையில்லை என்பது அவர் கண்ட காரணம். மடவளையும் அப்படிப்பட்ட ஊர்தான். சொல்லாமல் விடுவதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முறை இருக்கிறது; அதைச் சோம்பல் என்று சொல்வது தவறு.

கண்டிக்கும் ஆங்கிலத்துக்குமான உறவு நீண்டது. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் எம். சி. சித்திலெப்பை (1838–1898), 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற தமிழ் நாவலை வெளியிட்டார். தமிழில் எழுதிய அதே மனிதர்தான் முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். தமிழை விட்டு ஆங்கிலத்துக்குப் போகச் சொல்லவில்லை அவர். இரண்டையும் ஒரே கையில் வைத்திருக்கச் சொன்னார். நூறாண்டு கழித்து, 1987இல் வந்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு மொழி என்பது முதன்மையாகப் பேச்சுக்கானது. கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் கேட்கும் கேள்விக்கு உடனே வரும் குறும்பதிலில்தான் அது உயிரோடிருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகம் மடவளைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம். ஏ. நுஃமான் போன்றவர்கள் இன்றைய தமிழுக்கு ஏற்ற இலக்கணத்தை மொழியியல் நோக்கில் எழுதித் தந்திருக்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் அலகுகளும் அங்கே இயங்குகின்றன. தமிழ் இலக்கண அறிவையும் ஆங்கிலப் பயிற்சியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஒரு சிறு பயிற்சிநூல் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று அந்த வட்டாரத்திலிருந்தே வரலாம், வர வேண்டும்.

அதுவரை வகுப்பறையில் செய்யக்கூடியது எளியது. ஒரு வாரம் 'யெஸ்', 'நோ' இரண்டையும் தடைசெய்துவிட்டு, துணைவினையால் மட்டுமே பதில் சொல்லும்படி பிள்ளைகளிடம் கேட்கலாம். அடுத்த வாரம் பாத்திரக் கடையை வகுப்புக்குள் கொண்டுவந்து, சட்டி, கோப்பை, பால், அரிசி எல்லாவற்றையும் மேசையில் வைத்து, எதற்கு 'வன்' வரும், எதற்கு வராது என்று பேரம் பேச வைக்கலாம். மூன்றாவது வாரம் நன்னூலின் எட்டு விடைகளையும் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் அதே எட்டையும் சொல்லச் சொல்லலாம். இதற்கு நூலகமும் தேவையில்லை, கணினியும் தேவையில்லை.

புதிய தவணையின் முதல் நாளில் "வீட்டுவேலையை முடித்தாயா?" என்ற கேள்விக்கு "யெஸ் சேர், ஐ டிட்" என்று ஒரு பிள்ளை பதில் சொன்னால், "முழு வாக்கியமாகச் சொல்" என்று அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆசிரியர்களிடம் இந்த உரை வைக்கும் வேண்டுகோள் அவ்வளவுதான்.